வெள்ளைச்சிக்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு

வெள்ளைச்சி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் யார் என்பதுதான் தெரியாது. அத்தையும் மாமாவும் கோவில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சு வராமல் இருக்காது. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வெள்ளைச்சி பளிச்சென்று இருப்பாள் என்பாள் அத்தை. அவள் முகம் தெரிந்துவிட்டால் வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்பார் மாமா. அம்மா அது ஏதோ பசுமாடு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைவிடக் கெட்டிக்காரி. காற்றுக்குத் தகுந்தபடி எந்த மாடாவது பளிச்சென்று இருக்குமா? கண்டிப்பாக அவள் ஒரு பெரிய வீட்டுக்காரி, நல்ல சிவப்பு, முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் அவள் இஷ்டம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்பாவிடம் கேட்டால், நேரில் பார்க்கும்போது தெரிந்துகொள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

மாமா, அத்தை என்று சொல்கிறேனே தவிர, ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. அப்பா தீப்பெட்டிப் பண்டல்களை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்வருகிறவர். ஒருநாள் திரும்பி வருகையில் கிழக்கே கடற்கரைச் சாலையில் வண்டி நின்றுபோக, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மாமாதான் பின்னால் நின்று தள்ளிவிட்டாராம். அன்றைக்குத் தள்ளியது எங்கள் வீடுவரைக்கும் வந்து நின்றது. அவர்கள் வந்தால் எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு மணக்கும். நாங்கள் போனால் திரும்பும்போது எங்கள் துணியெல்லாம் மணக்கும்.

அவர்களைப்பற்றி அந்தக் கரையில் ஒரு கேலி உண்டு. அங்கே பெண்பிள்ளைகள் வள்ளத்தில் ஏறமாட்டார்கள். ஏறினால் மீன் படாது என்று ஒரு பேச்சு. அத்தை அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, ஒருநாள் காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வள்ளத்தின் முன்தலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கடலுக்குப் போனார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியைப் பிரிய முடியாமல் கடலுக்கும் கூட்டிக்கொண்டு போகிறானே என்று ஊரே சிரித்தது. மாமாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அந்த ஜோடியைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

மாமாவுக்கு இரண்டு கோபங்கள் உண்டு. ஒன்று, வள்ளத்தில் வைத்திருந்த ஜிபிஎஸ் பெட்டியின்மேல். அதில் எழுத்தையெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடிப்பொடியாகப் போட்டிருக்கிறான், கம்பெனிக்காரன் கடலையே பார்த்திராத பயல் என்று திட்டுவார். இன்னொன்று வெள்ளைச்சியின்மேல். அந்த வருஷம் முழுக்க அவள் கறுத்துக்கொண்டே போகிறாள் என்று புலம்பினார். அத்தை காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள், கடலுக்குப் புதுசான பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய், கரை தப்பி எங்கேயோ தெற்கே ஏறி, பொழுது சாய்ந்தபிறகு வந்து சேர்ந்திருக்கிறார். எல்லாம் வெள்ளைச்சி செய்த வேலை என்றார். அவளைச் சரிபண்ணாவிட்டால் இனி அந்தக் கடலில் பிழைக்க முடியாது என்றும் சொன்னார். அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

ஆக, வெள்ளைச்சியை நேரில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அப்பா வேனை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தையும் அம்மாவும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். நானும் மாமாவும் பின்னால். எங்களோடு ஒரு பொட்டலம் கருவாடு, ஒரு வாளி, வெள்ளையடிக்கிற மட்டை, நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பு ஒரு மூட்டை. கறுத்துப்போன பெண்பிள்ளைக்குப் பவுடர் வாங்கிப் போவார்கள், மஞ்சள் வாங்கிப் போவார்கள். சுண்ணாம்பு எதற்கு? அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் இதை யோசித்தேன்.

குளத்தூரைத் தாண்டி உடைமரக்காட்டுக்குள் ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் பருத்தி பிடுங்கிய கரிசல் காடு, கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பாதை முடிகிற இடத்தில் அந்த ஜமீன் பங்களா. அப்படி ஒரு வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. தூண் ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க என்னைப்போல் இரண்டு பேர் வேண்டும். இரண்டு மாடிக்கு மேலே தூண்களும் பாதிச் சுவருமாக ஒரு வட்ட மண்டபம், அதன் தலையில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குவிமாடம். அத்தை வேனைவிட்டு இறங்கினதும் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே மாதா இருக்கிறாளோ என்று எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

ஜமீன் வாரிசுகள் மதுரையில் இருந்தார்கள். பங்களாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதில் அவருக்கு மகா பிரியம். பல்லக்கு, கண்ணாடி போன நிலைக்கண்ணாடிச் சட்டம், ஒரு காது இல்லாத பாடம்செய்த புலி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். நிலைப்படி வரும்போதெல்லாம் மாமா தலையில் இடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் காலில். ஜமீன்தார் குள்ளமோ என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். நான் ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்த்தேன். வௌவால் இருந்தது, பழைய பத்தாயம் இருந்தது, வெள்ளைச்சியைக் காணோம். பொறுக்கமாட்டாமல் அந்தப் பெரியவரிடமே கேட்டுவிட்டேன், வெள்ளைச்சி எங்கே என்று.

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. யார் சொன்னது அந்தப் பெயரை என்றார். நான் அத்தையைக் காட்டினேன். அவர் அத்தையைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்துவிட்டு, வெள்ளைச்சி உங்களுக்கு என்ன வேண்டும் என்று மெல்லக் கேட்டார். அத்தைக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? எங்களுக்குச் சோறு போடுததே அவதான. எங்க வீட்டுக்காரவியளுக்கு அவ தாய் மாதிரில்லா.”

பெரியவர் அப்படியே பத்தாயத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், பழைய ஜமீன்தாருக்கு ஊரறிந்த மனைவிபோக, ஊரறியாமல் இன்னொரு அம்மாள் இருந்திருக்கிறாள். அவள் பெயரும் வெள்ளைச்சி. அவள் வழியில் யாராவது என்றைக்காவது பங்கு கேட்டு வந்து நிற்பார்கள் என்று மதுரைக்காரர்கள் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இது பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் மாமா வேறு, வாளியும் மட்டையுமாக வந்து நின்று, வெள்ளையடிக்க வந்திருக்கிறோம், மேலே போகிற வழி எது என்று கேட்டார்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் குடிபோகிற வீட்டுக்குத்தானே முதலில் வெள்ளையடிப்பார்கள்! அடுத்தாற்போல் பால் காய்ச்சிவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஓடிப்போய் மாடிப்படிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மதுரைக்குப் போன் போட வெளியே போனார். அங்கே சிக்னல் கிடைக்காது. கிணற்று மேடையில் ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, வந்துட்டாவ, சுண்ணாம்போட வந்துட்டாவ என்று கத்தினார். மாமா ஒன்றும் புரியாமல் சுண்ணாம்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்தும் மேலே விடமாட்டேன் என்கிறாரே என்று புலம்பினார்.

கடைசியில் அப்பாதான் கிணற்றடிக்குப் போய் விளக்கினார். இந்தக் கரிசல் தரையில் மலையா இருக்கிறது, குன்றா இருக்கிறது? கடலுக்குள்ளிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அடையாளம் உங்கள் பங்களாவின் உச்சிதான். அதைப் பார்த்துத்தான் இவர்கள் வள்ளத்தைத் திருப்புகிறார்கள். அதற்கு இவர்கள் வைத்த பெயர் வெள்ளைச்சி. அது அழுக்கேறிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதாம், சொந்தச் செலவில் வெள்ளையடித்துத் தருகிறோம் என்று வந்திருக்கிறார்கள். பெரியவர் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்குள் விழாமல் இருந்தது பெரிய காரியம். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் சிவப்பும் சீருமாக நான் வளர்த்து வைத்திருந்த வெள்ளைச்சி வெறும் கட்டடமாகப் போய்விட்டாளே.

பிறகு எல்லோரும் முற்றத்தில் நின்று மேலே பார்த்தோம். “பாருங்க அண்ணாச்சி, எப்படிக் கறுத்துக் கிடக்கான்னு” என்றார் மாமா.

பெரியவர் குழம்பிப்போய், போன தை மாசம்தானே வெள்ளையடித்தோம் என்று ஆரம்பித்தார். அத்தை குறுக்கே விழுந்தாள். “உப்புக் காத்து பட்டா கறுக்கத்தான செய்யும்.”

எனக்கோ கண் கூசியது. உச்சிவெயிலில் அந்தக் குவிமாடம் அப்போதுதான் கறந்த பாலாக நின்றது. வெள்ளையாகத்தானே இருக்கிறது அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதி சொல்வதற்குள் அத்தை என் கையைப் பிடித்து அமுக்கினாள். வலை இழுக்கிற கை, எலும்பு நொறுங்கிவிடும்போல் வலித்தது. அப்பா எங்கேயோ போகிற ஆடுகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மேலே ஏறினோம். வட்ட மண்டபத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மாமா சுவரைத் தடவிக்கொண்டே கடல் பார்த்த பக்கத்துக்குப் போனார். அங்கே நின்று கையை எடுத்து, உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். கை முழுக்கச் சுண்ணாம்பு, வெள்ளை வெளேரென்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நடுவில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“ஏட்டி, கடல் தெரியுதா?” என்று என்னைக் கேட்டார்.

தெரியுது மாமா, நீலமா ஒரு கோடு மாதிரி என்றேன். வள்ளம் ஏதும் நிற்கிறதா என்றார். ஒன்று நிற்கிறது என்றேன். அது என்ன நிறம் என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்கிற மாதிரி, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பச்சை, அதில் சிவப்புக் கரை என்று சத்தமாகச் சொன்னேன். நல்லது என்று என் தலையில் கை வைத்தார். தலையெல்லாம் சுண்ணாம்பு ஆயிற்று.

அதற்குப் பிறகும் அவர் வெள்ளையடித்தார். அத்தை வாளியில் கரைத்துக் கொடுத்தாள். இடது பக்கம் விட்டுப்போச்சு, கொஞ்சம் மேலே, இன்னும் மேலே என்று அவள் சொல்லச் சொல்ல, மாமா மட்டையை இழுத்தார். பெரியவர் கீழே போய்க் கருவாட்டை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டார். அம்மா மட்டும் ஏனோ மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்பு நெடி என்றாள்.

திரும்பி வரும்போது, வெள்ளையாக இருக்கிற சுவருக்கு எதற்கு வெள்ளை என்று அப்பாவைக் கேட்டேன். வெள்ளைமேல் வெள்ளை அடித்தால் ரொம்ப நாள் தாங்கும் என்றார். இந்தப் புது ஞானத்தை மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத ஆள் இல்லை.

அடுத்த வாரம் மாமா மதுரைக்குக் கண்ணைக் காட்டப் போனார். ஒரு வருஷமாக அத்தை கெஞ்சியும் போகாதவர். கண் நரம்பு வாடியிருக்கிறது, போன பார்வை போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று சொட்டுமருந்து கொடுத்தார்களாம். அதற்கப்புறமும் வெகுகாலம் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். வெள்ளைச்சி தெரியுதாளா என்று பின்னாலிருந்து அவர் கேட்பார், தெரியுதாள் என்று முன்னாலிருந்து இவள் சொல்வாள்.

இதையெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா ஜிபிஎஸ் பெட்டியின் எழுத்தைத் திட்ட ஆரம்பித்த வருஷமும், ஊர் சிரிக்க அத்தை வள்ளத்தின் முன்தலையில் ஏறி உட்கார்ந்த வருஷமும் ஒன்று. அன்றைக்கு அந்த மண்டபத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றவள் நான். வீட்டுக்கு வந்து படுத்தபோது எனக்கு இருந்த ஒரே துக்கம், வெள்ளைச்சி என்று யாருமே இல்லையே என்பதுதான்.