வேம்புலியம்மாளும் வியாகுல மாதா படமும்

பருத்திப்பட்டில் எங்கள் சின்னக் கோயிலைப் பெருக்கித் துடைப்பவள் வேம்புலியம்மாள். எனக்கு அடுத்த வீட்டுக்காரி. கோயிலுக்குள் இடதுபக்கச் சுவரில் பெரிய படம் ஒன்று உண்டு. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரன் ஒருவன் வரைந்ததன் பிரதி. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி, மாதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதன் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் வேம்புலியம்மாள் அழுவாள்.

எங்கள் மாதா சபைப் பெண்களுக்கு இது போதாதா? ஒருத்தி அழுதால் உடனே ஞானஸ்நானத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அம்மன் பேர் வைத்தவளுக்கு மாதாவின் அழைப்பு வந்துவிட்டதாம்! வியாகுலமேரி என்று புதுப் பேர்கூட முடிவாகிவிட்டது. வெள்ளைப் புடவையும் எடுத்தாயிற்று. அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்த மகராசிக்கும் தோன்றவில்லை.

அவள் மகன் திருமுருகன் போன வருஷம் மாங்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். இருபத்திரண்டு வயசுதான். ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன? இன்றைக்கும் ராத்திரியானால் அவன் வருவான் என்று ஒரு தட்டுச் சோறு மூடி வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அவளைப் படத்தருகே கூப்பிட்டு, "மாதாவை விசுவசிக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"அந்தம்மாவப் பாத்தா வயிறு எரியுது சாமி" என்றாள். "புள்ளைய மடியில போட்டு மூஞ்சியப் பாத்துகினு கீது. எனக்கு மூட்டையா கட்டித்தான் குட்த்தாங்க. அவுத்துக் காட்டுங்கடான்னு காலப் புட்ச்சேன். ஒர்த்தனும் காட்டல. அதுல இருந்தது எம்புள்ளதான்னு நான் எப்டி நம்பறது?"

சபைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போது குனிந்து என்ன புண்ணியம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் சம்பந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிணவறையில் மகனை அடையாளம் காட்டியவர் அவர்தான். அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"நான் பாத்தேன் வேம்பு. அவன்தான்."

"மூஞ்சி எப்டிய்யா இருந்திச்சி?"

சம்பந்தம் படத்திலிருந்த ஏசுவின் முகத்தைக் காட்டினார். "இத்தோ, இப்டியேதான். தூங்கறாப்புல."

பச்சைப் பொய். அந்தத் தொட்டியிலிருந்து எடுத்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பாவம், அவளுக்கும் தெரியும். வெகுநேரம் புருஷன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிய்யா. இன்னிலேர்ந்து அவனுக்குச் சோறு எடுத்து வெக்கல."