வீக்கத்துக்கு வேறு அளவு

ஒரு காலையில் ரவிக்கைக் கொக்கியை மாட்ட என் விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் வைத்த பிறகே ஓரளவு அசைந்தன. அப்போது மைசூரில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். காதால் கேட்டு, விரலால் இணைப்புக் கொடுக்கும் வேலை.

வலி தாங்காதபோது ஒரு ஆஸ்பிரின் போடுவேன். வலி சற்று அடங்கும். வீக்கம் அப்படியே இருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கன்னடக்காரர். எங்களிடம் தமிழிலேயே பேசினார். ரத்தப் பரிசோதனைக்குப் பின், முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய்) என்றார்.

"ஆஸ்பிரின் போட்டும் கேக்கலை, டாக்டர்."

"எப்போ போடறீங்க?"

"வலிக்கும்போது."

"தலைவலிக்கு அது சரி. சின்ன அளவு வலியைத்தான் குறைக்கும். வீக்கம் வத்தணும்னா அளவு கூடணும். வலி இல்லாட்டியும் தினமும் சாப்பாட்டோட போடணும். நான் பார்த்துப் பார்த்துக் கூட்டுவேன், நீங்களா கூட்டாதீங்க. வயிறு எரிஞ்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ, காதுல இரைஞ்சாலோ உடனே வாங்க."

உடன் வந்திருந்த என் கணவர் பதறினார். "இவளுக்குக் காதுதானே சோறு போடுது. கேக்காமப் போயிட்டா?"

"மருந்தைக் குறைச்சா இரைச்சல் நின்னுடும். மறைக்காம வந்து சொல்லணும், அஷ்டே, அவ்வளவுதான்."

வாரங்கள் செல்ல வீக்கம் வற்றியது. துணி பிழிந்தேன், மாவு பிசைந்தேன். பிறகு ஒரு மதியம், வேலையில் இருக்கும்போது காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல ஓர் ஒலி. குண்டலுபேட்டை வியாபாரி ஒருவரிடம் மறுபடி மறுபடி நம்பர் கேட்டேன். "ஏனம்மா, கேளிஸ்தில்வா?" என்று கத்தினார். கேட்கவில்லைதான். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றியும் அந்த ஒலி நிற்கவில்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது காதைப் பற்றி அல்ல.

"கையை மூடுங்க."

மூடினேன். முழு முஷ்டி.

"வீக்கம் வத்திடுச்சு. காது இரையற இந்த அளவுதான் உங்க எல்லை. இதுக்கு மேல போனா நல்லதைவிடக் கெடுதல்தான் ஜாஸ்தி. கொஞ்சம் குறைக்கறேன்."

சில நாட்களில் இரைச்சல் ஓய்ந்தது. விரல்கள் மறுபடி இறுகவில்லை.

இது அந்தக் காலத்து வைத்தியம். இன்று வேறு மருந்துகள் இருக்கின்றன. என் அளவு உங்கள் அளவல்ல. ஆனால் எதை, எவ்வளவு, எப்போது போடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். பலன் அங்கிருந்துதான் தொடங்கும்.

நோய் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் வலி வருமா என்று காத்திருந்தே கழிந்த பொழுதுகள் என்னிடம் திரும்பி வந்தன. கண் விழித்ததும் விரல்களை மடக்கிப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் காலையில் மறந்தேன் என்று எனக்கே தெரியாது.