தொட்டி மூடியில் ஒரு திருகு

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மாதம் ஒரு முறை புல் வெட்ட ஆள் வருவார். காலை எட்டு மணிக்கே மிஷின் சத்தம் கிளம்பிவிடும். மனைவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். வெட்டிய புல்லின் வாசனைக்காக இல்லை, பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரியும் அந்தப் புகைக்காக. அது மூக்கில் ஏறினால் போதும், நான் கெலுகோர் ஃபிளாட்டில் இருக்க மாட்டேன். கடல் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு சம்பான் படகில் அக்காவோடு உட்கார்ந்திருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சேஃப்டி கமிட்டியில் போட்டு, சட்டையில் பச்சை பேட்ஜ் ஒன்றைக் குத்திவிட்டார்கள். அன்றிலிருந்து என்னால் மற்றவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் அம்மா கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால்கூடப் பக்கத்தில் நின்று புத்தி சொல்வேன். "போடா, உன் பேட்ஜைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்பார். அந்த அம்மாதான் ஒரு நாள் அதே அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அக்கா ஈப்போவிலிருந்து வந்து சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்று ஆறு வருஷத்துக்கு முன்பு அம்மா சொன்னதுதான் இருவருக்கும் கடைசிப் பேச்சு. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை, ரோஷத்தில் அம்மாவை உரித்து வைத்தவள். கடைசியில் அம்மா சொன்னபடியே ஆகிவிட்டது.

தகனம் முடிந்த மறுநாள் காலை அஸ்தி கரைக்கப் போனோம். படகுக்காரர் தவமணி அண்ணன். நண்டு பிடிப்பவர், அஸ்தி கரைக்க வருகிறவர்களையும் ஏற்றிப்போவார். ஐயர் சடங்கைக் கரையிலேயே முடித்துவிட்டதால் படகில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா மடியில் சிவப்புத் துணி சுற்றிய பானை. நடுக்கடலில் அம்மாவுக்குக் கற்பூரம் காட்டியே ஆகவேண்டும் என்று தட்டும் தீப்பெட்டியுமாக வந்திருந்தாள். தட்டுக்கு ஒரு முழம் தள்ளி பெட்ரோல் தொட்டி. வாடை குப்பென்று அடித்தது. என் பேட்ஜ் சும்மா இருக்குமா? தொட்டி மூடியின் நடுவில் ஒரு குட்டித் திருகு தளர்ந்திருந்தது. யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, தவமணி அண்ணன் கயிறு அவிழ்க்கிற நேரத்தில் அதை இறுக்கி மூடினேன். எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

கரை கொஞ்சம் தள்ளியதும் இஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

தவமணி அண்ணன் பதறவில்லை. கயிற்றை இழுத்தார். பத்துத் தடவையாவது இழுத்திருப்பார். இஞ்சினைத் தூக்கி, விசிறியில் பிளாஸ்டிக் பை ஏதும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்தார். பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். ம்ஹூம். "நேத்துகூட நல்லா ஓடுச்சு லா" என்று முணுமுணுத்தார். நீரோட்டம் எங்களை மெல்லப் பாலத்துத் தூண்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அதுவரை வாயே திறக்காத அக்கா, "அம்மாவுக்கு இன்னும் கோவம் போகலடா" என்றாள். "என் கையால போகமாட்டேங்குறாங்க."

"சும்மா இருக்கா, இஞ்சின் கோளாறு."

"உனக்குத் தெரியாது. என் மடியில வச்சதும் நின்னுச்சு பார்."

பிறகு பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். "தப்புதாம்மா. நீ திட்டினா திட்டுன்னு வந்து வாசல்ல நின்னிருக்கணும். வீம்பு பிடிச்சிட்டேன். மன்னிச்சிரும்மா." செய்தி கேட்டதிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்த நேரத்தில்தான் தவமணி அண்ணன் கை, பெட்ரோல் குழாயின் நடுவிலிருந்த ரப்பர் உருண்டைக்குப் போனது. அது சப்பையாகிக் கிடந்தது. அவர் கண் தொட்டி மூடிக்குத் தாவியது. திருகைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று வரவேண்டும், அதற்குத்தான் அந்தத் திருகைத் திறந்து வைப்பது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காதெல்லாம் சுட்டது. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அம்மா!" என்று கத்தினாள் அக்கா. அழுகையும் சிரிப்புமாக அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கற்பூரமா? "போட்ல நெருப்பு வேணாம் தங்கச்சி, கரையில காட்டிக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் தவமணி அண்ணன். அவளும் சரியென்று விட்டாள். இதைப் புறப்படும்போதே சொல்லியிருந்தால் என் தலையில் இந்தப் பாவம் ஏறியிருக்காது. இறங்கும்போது என் தோளைப் பிடித்து, "தம்பி, ஸ்க்ரூ விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றார்.

இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் திவசத்துக்கு வந்து அக்கா இதைச் சொல்வாள். "மன்னிச்சிரும்மான்னு சொல்லி வாய மூடல, இஞ்சின் ஸ்டார்ட் ஆச்சு. கேளுங்க, இவனும் இருந்தான்." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். இரண்டு தடவை அவளை பஸ் ஏற்றிவிடும்போது சொல்லிவிடலாம் என்று போய், டிக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். சொன்னால் அவளிடமிருந்து அம்மாவைப் பிடுங்கிவிடுவேனோ என்று பயம். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவளை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தல். இப்படியே வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

போன மாதம் அக்காவின் அஸ்தியைக் கரைத்தோம். அம்மாவைக் கரைத்த இடத்திலேயே தன்னையும் கரைக்கவேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாளாம். தவமணி அண்ணனும் இல்லை, அந்தச் சம்பானும் இல்லை. வெள்ளை ஃபைபர் படகு. தொட்டி தரைக்கு அடியில் எங்கேயோ, மூடியும் தெரியவில்லை, திருகும் தெரியவில்லை. புகை இல்லை, வாடை இல்லை. பானை என் மடியில் இருந்தது. குனிந்து, "அக்கா, அந்த இஞ்சின்..." என்று ஆரம்பித்தேன். எதிரே அக்காவின் மகள், அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அன்று அக்காவுக்கு நின்றதுபோல எனக்கும் ஓர் ஐந்து நிமிஷம் இஞ்சின் நின்று தொலைக்காதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அது நிற்கவே இல்லை.