டேப் ஒட்டத் தோன்றாத சத்தம்

குடோனில் அவளுக்கு அண்ணி என்றே பெயர். முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் பேக்கிங் பிரிவில் இருந்த அவள் நாத்தனார் ஒருத்திதான். கேட்டுக் கேட்டு மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். பதினோரு வருடமாகப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். கண்ணாடிச் சாமான் பெட்டிகளை மூன்றாம் தட்டிலிருந்து கீறல் விழாமல் இறக்கும் கை. அந்தக் கைதான் அந்தக் காரியத்தையும் செய்தது.

பின்னால் நகரும்போது வண்டி 'பீப் பீப்' என்று அலறும். நாள் முழுக்க நான்கு வண்டிகள் அலறினால் யாருக்குத்தான் தலை வலிக்காது? நாத்தனாரே வந்து, "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அது வாய அடைங்க" என்றாள். பெட்டி ஒட்டும் டேப்பை எடுத்து அலாரத்தின் மேல் நான்கு சுற்று சுற்றினாள் அண்ணி. சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று ஓட்டுநர்களும் சுற்றிவிட்டார்கள். நல்லதைச் சொன்னால் நாலு நாள் யோசிப்பவர்கள், இதில் மட்டும் என்ன வேகம்!

ஐந்தாம் வாரம், ரேக் முனையில் முதுகு காட்டி நின்று லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனாரின் வலது காலில் அண்ணியின் பின்சக்கரம் ஏறியது. இரண்டு விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே, "டேப் சுத்தினது நான்தான்" என்று அண்ணி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள். மூன்று மாதம் வண்டியில் ஏறக் கூடாது என்று உத்தரவு வந்தது. வீட்டில் நாத்தனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அண்ணியைக் கொன்றது. ஒரு நாள் மட்டும் சொன்னாள்: "வேலைக்கு வர ஆசைதான் அண்ணி. ஆனா வண்டிக்கு முதுகு காட்டி நிக்க இனிமே என்னால முடியாது. முதுகு காட்டாம லேபிளும் ஒட்ட முடியாது."

மறுநாள் காலை அண்ணி மேனேஜர் அறையில் நின்றாள்.

"இருக்கறதுலயே சத்தமா கத்தற அலாரத்த வாங்கச் சொல்லிட்டேம்மா" என்றார் அவர். தலைவலிக்கு டேப் சுற்றியவர்களுக்குத் திருகுவலியை வாங்கிக் கொடுக்கிற புத்தி.

"அதையும் சாயங்காலத்துக்குள்ள சுத்திருவோம் சார். சுத்தினவளுக்குத் தெரியாதா? எத வாங்கறதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

அண்ணி பிடித்தால் உடும்புப்பிடி. விற்பனையாளர் பை நிறைய அலாரங்களைக் கொண்டுவந்தார். இயந்திரங்கள் ஓடும் நேரத்தில் பேக்கிங் பெண்கள் நால்வரை முதுகு திருப்பி நிறுத்தி, வண்டி எந்தப் பக்கம் வருகிறதோ அங்கே கை காட்டச் சொன்னாள். இன்னொரு ஓட்டுநர் வண்டியைப் பின்னால் நகர்த்த, பெரிய அலாரம் அலறியது. சத்தம் ரேக்குகளில் மோதிச் சிதற, நான்கு கைகள் நான்கு திசையைக் காட்டின.

"அரைக் கிலோமீட்டருக்குக் கேக்கும் மேடம்!"

"அரைக் கிலோமீட்டர்ல இருக்கறவன் கால்ல நான் ஏறப்போறதில்ல தம்பி. ஆறடியில நிக்கறவளுக்கு, எங்கேருந்து வருதுன்னு தெரியணும்."

பையின் அடியில் ஒன்று கிடந்தது. 'ஷ்... ஷ்...' என்று தாளிப்பதுபோல் ஒலிக்கும். சுற்றி இரைச்சல் கூடினால் தானும் கூடும், குறைந்தால் குறையும். யாரும் வாங்குவதில்லை என்று விற்பனையாளர் கூச்சத்தோடு எடுத்தார். நான்கு கைகளும் ஒரே பக்கம் நீண்டன. தள்ளி இருந்த கணக்கர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இதை யார் டேப் போட்டுச் சுற்றப்போகிறார்கள்?

விளக்கிலும் விடவில்லை. வண்டிக் கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு, குனிந்து லேபிள் ஒட்டுகிறவளுக்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வண்டியின் பின்பக்கம் மாட்டும் நீல விளக்கு அப்படியில்லை. வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னதாகவே தரையில் ஒரு வட்டம் போடும். ரேக் முனையில் வண்டிக்கு முன் வட்டம் எட்டிப்பார்க்கும். ஆனால் லாரி நிற்கும் வாசலில், நண்பகல் வெயிலில், வட்டம் இருந்த இடம் தெரியவில்லை.

"உள்ளதான வேல அதிகம். போதும்மா" என்றார் மேனேஜர்.

"மத்தியானமும் கால் கால்தான் சார். வாசல்ல கம்பித் தடுப்பு போடுங்க. ஆளுக்கு ஒரு வழி, வண்டிக்கு ஒரு வழி."

இரண்டு வாரம் தினமும் போய் நின்றாள். அவளைப் பார்த்தாலே மேனேஜர் வேறு கதவால் போனார். அந்தக் கதவிலும் அவள் நின்றாள். தடுப்பு வந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று, ஊன்றுகோலோடு நாத்தனார் வந்தாள். ஓட்டிக் காட்ட வேறொரு ஓட்டுநர் ஏறப்போனார்.

"அண்ணியே ஓட்டட்டும்" என்றாள் நாத்தனார்.

அதே ரேக் முனைக்குப் போய், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, முதுகைத் திருப்பி லேபிள் கட்டை எடுத்துக்கொண்டாள். அண்ணி வண்டியில் ஏறினாள். ஆமை வேகத்தில் பின்னால் நகர்த்தினாள். 'ஷ்... ஷ்...' நீல வட்டம் தரையில் ஊர்ந்து நாத்தனாரின் செருப்பு அருகே போனது. அண்ணி வண்டியை நிறுத்தினாள். நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. ரேக்கைப் பிடித்தபடி இரண்டடி ஒதுங்கி, அங்கிருந்த பெட்டியில் லேபிளை ஒட்டினாள். ரேக்கைப் பிடித்த கையை விடாமல் ஒட்டியதில் அது கோணலாகப் போனது.

"கோணிக்கிச்சு" என்றாள், அப்போதும் திரும்பாமல். "இன்னொரு தடவ வாங்க அண்ணி."