பிழைக்கு ஒரு பெயர்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்கு ஒரு சாண் அருகே கொண்டுவந்து, வாய்விட்டு வாசிக்கிறார் உதயகலா. தாளில் இருப்பது கணினி நிரல். எந்த நாட்டிலிருந்தோ யாரோ அனுப்பிய திருத்தம். அடைப்புக்குறிகளைக்கூட விடமாட்டார். "திற, மூடு, திற, மூடு" என்ற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "திரையிலை எல்லாம் வடிவாத்தான் தெரியும். கடதாசியிலை எடுத்தாத்தான் அதின்ரை குணம் பிடிபடும்" என்பார்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எனக்கு அடுத்த வளவு. வயது ஐம்பத்திரண்டு. தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வுகூடப் பொறுப்பாளர். விடிய ஐந்தரையிலிருந்து ஏழு வரை பார்ப்பது வேறு வேலை: தொலைவிலுள்ள கணினியின் கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பதுபோலத் திறக்கவைக்கும் பழைய நிரல் ஒன்றைப் பராமரிப்பது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் எழுதப்பட்டு, எவரும் பாவிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விடப்பட்டது. இதைப் பாவித்த ஆய்வுகூடத்துக் கணினிகள் அடிக்கடி உறைந்துபோக, உதயகலா காரணத்தைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பினார். அப்போது அதைப் பார்த்துவந்த கனடாக்காரர் ஓய்வெடுத்தபோது, பொறுப்பாளர் இடத்தில் இவர் பெயரைப் போட்டுவிட்டுப் போனார். அது ஒன்பது வருடக் கதை.

கணவர் வாகீசன் புகையிலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து தேத்தண்ணியை மேசையில் வைப்பார். "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு விடியக் காலமை எழும்புறது நீர் ஒராள்தான்."

"உங்கடை புகையிலை மாதாமாதம் சம்பளம் தருதோ?" இவர் தாளிலிருந்து தலை நிமிர்த்தமாட்டார்.

கடந்த மாசியில், இந்த நிரலையும் ஒரு பகுதியாகக் கொண்ட முழு மென்பொருளுக்கும் பொறுப்பான ஜேர்மன்காரர் ஒருவர் எல்லோரும் வாசிக்கும் மின்னஞ்சல் பட்டியலில் எழுதினார்: இந்த நிரலை யாரும் பாவிப்பதில்லை, கழற்றிவிடுவோம். மூன்றாம் நாள் நோர்வேயின் கடல் ஆய்வு நிலையம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். தங்கள் பத்தொன்பது வருடக் கடல் வெப்பநிலைப் பதிவுகள் இதன் வழியாகத்தான் திறக்கின்றன. ஆனால் சில கோப்புகளின் கடைசிப் பகுதி வெறும் பூச்சியமாக வருகிறது. ஜேர்மன்காரர் விடவில்லை. நிரல் கிழடாகி உக்கிவிட்டது, அதற்கு இதுவே சாட்சி என்றார்.

உதயகலா பன்னிரண்டு நாள் தேடினார். வீட்டு இணைய வயரைக் கழற்றியும் மாட்டியும் பார்த்ததில், இணைப்பு நடுவே அறுந்து திரும்ப வரும்போது மட்டும் பூச்சியம் விழுவது தெரிந்தது. பிறகு வரிவரியாகப் பின்னோக்கிப் போனார்.

பதின்மூன்றாம் நாள் வேலிக்கு அப்பால் சத்தமில்லை. போய்ப் பார்த்தேன். தாளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"பழைய வரியிலை ஒரு பிழையுமில்லை. ஆறு வருசத்துக்கு முதல் நான் திருத்தின இடம். என்ரை கைதான். அந்தச் சனத்தின்ரை பதிவை நான்தான் பழுதாக்கிக் காட்டியிருக்கிறன்."

தேத்தண்ணியோடு வந்த வாகீசன் கேட்டார். "இதைச் சொன்னா, கழட்டுறதுக்கு அவைக்கு இன்னும் வசதியெல்லோ?"

"ஓம்."

"பேசாமல் திருத்திவிட்டா?"

"பிறகு வாறவை பிழை எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாமல் பழைய வரிகளைக் கிண்டிக்கொண்டு திரிவினம்."

திருத்தம் நான்கு வரி. அதற்கான விளக்கத்தின் முதல் வரியில், இந்தப் பிழை ஆறு வருடங்களுக்கு முன் தன்னால் நேர்ந்தது என்று எழுதி அனுப்பினார். 

நோர்வேயிலிருந்து முதலில் பதில் வந்தது. எல்லாக் கோப்புகளும் கடைசிவரை சரியாகத் திறக்கின்றன. மூலப் பதிவில் ஒன்றும் தொலையவில்லை. அடுத்தது ஜேர்மன்காரர். கழற்றும் யோசனையை இப்போதைக்குத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். கீழே அன்பாக ஒரு குறிப்பு: இந்த விளக்கம் என்றைக்கும் பொதுவில் நிற்கும். "முதல் வரியை எடுத்துவிட்டு, 'பழைய நிரலில் இருந்த பிழை' என்று போட்டுவிடட்டுமா?"

கல்லூரிக்குப் புறப்பட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே அதை வாசித்தார் உதயகலா. பையை இறக்கி வைத்தார். கதிரையை இழுத்து இருந்து, அந்த முதல் வரியைப் பதிலில் திரும்பத் தட்டச்சு செய்தார். இம்முறை தன் முழுப் பெயரையும், பிழை நேர்ந்த திகதியையும் சேர்த்து.