மாத்திரைக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும்.

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. ஆனால் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கொஞ்ச நாளாக விடியற்காலையில் ஹீட்டரைப் போடாமல் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். அவர் அலறுகிற அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

இன்று குளித்துவிட்டு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாப்பா, தலை சுத்துதா?"

"சேச்சே, ரத்தம் நல்லா ஓடுதுலா. நீயும் குளிச்சுப் பாரு, கிளாஸ்ல தூங்க மாட்ட."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்."

நான் நம்பவில்லை. அவர் லாரியை எடுத்துக்கொண்டு, எண்ணெய்ப் பழம் ஏற்றக் காஹாங் செம்பனைத் தோட்டத்துக்குப் போனதும் குப்பைத்தொட்டியைக் கிளறினேன். அம்மா எடுத்து வைத்த மாத்திரை டிஷ்யூவில் சுற்றிக் கிடந்தது.

கேட்டால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். அதனால் இன்றிரவு ஒரு மாத்திரையைப் பொடியாக்கி அவர் தேநீரில் கலந்து கொடுத்துவிட்டேன்.

இப்போதுதான் யோசிக்கிறேன். காலையில் தலை சுற்றியதில் பயந்துபோய், மாலையில் அவரே ஒன்று போட்டிருந்தால்? இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். வீடியோ வைத்தியத்தைத் திட்டிவிட்டு நானும் ஃபோனில்தான் வைத்தியம் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

கதவு தட்டுகிறது. அப்பாதான்.

"ஏம்மா, தேத்தண்ணி ஏன் இப்படிக் கசக்குது?"