சாமிக்கண்ணு வந்தால் வராத எச்சரிக்கை

முத்தியால்பேட்டையில் சாமிக்கண்ணு பதினான்கு வருஷம் ஆலையில் தறி ஃபிட்டராக இருந்தவர். ஆலை மூடிய பிறகு, கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தே, அவற்றைப் பழுதுபார்க்கும் இன்றைய தொழிலைக் கற்றுக்கொண்டார். எந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் முன்பும் அதன் நிலையை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுவார்.

அந்த நோட்டில் அஞ்சலாட்சியின் பெயர் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. அவள் வீட்டிலேயே எம்பிராய்டரி போடுகிறவள். கம்ப்யூட்டரில் தானே பூவும் கொடியும் வரைந்து ஒயர் வழியாக மிஷினுக்கு அனுப்புவாள். மிஷின் அதை ஜாக்கெட் துணியில் தைக்கும். ஆறு வருஷமாக வரைந்த அத்தனையும் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான். நான்கு நாளைக்கு ஒரு தடவை திரையில், டிஸ்க் பழுதாகலாம், நகல் எடுத்துக்கொள்ளவும் என்று எச்சரிக்கை வந்து நின்றது.

முதல் தடவை சாமிக்கண்ணு எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். திரையில் வந்த கணக்கில், டிஸ்க்கிலிருந்து வரும் வழியில் தகவல் சிதைந்த எண்ணிக்கை 41. கேபிளை மாற்றி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். 41 அசையவில்லை. நான்கு நாள் கழித்து 97. கேபிளை வேறு சொருகில் மாட்டினார். அப்போதும் அவர் எதிரில் அசையவில்லை. மூன்றாம் தடவை பவர் சப்ளையையே மாற்றினார்.

“அண்ணன் உக்காந்தா மட்டும் அது நல்ல புள்ளயா இருக்குது. நீங்க இங்கயே குடி வந்துடுங்கண்ணே,” என்றாள் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் ஜெயம்.

“வந்தா சோறு போடுவியாம்மா?”

“மூணு வேளையும் வார்னிங்தான் போடுவோம்.”

நான்காம் தடவை உப்பளம் பகுதியில் ஒரு வேலையை முடித்த கையோடு, போன் செய்யாமலே வந்தார். காலை பத்து மணி. மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“கோச்சிக்காதீங்கண்ணே, இன்னிக்கி நிறுத்த முடியாது,” என்றாள் அஞ்சலாட்சி. “லாஸ்பேட்டை கல்யாணம். நாளைக்கி காலையில பன்னெண்டு ஜாக்கெட்டும் குடுக்கணும். இன்னும் ஏழு கெடக்குது.”

“மத்த நாள்ல நிறுத்தி வெச்சீங்களா?”

“நீங்க வர்றப்ப மட்டும்தான். வேல பாக்கற எடத்துல எதுக்கு சத்தம்னு.”

சாமிக்கண்ணு திரையில் அந்த எண்ணைப் பார்த்தார். 163. பார்க்கும்போதே 164, 166. மேஜைமேல் உள்ளங்கையை வைத்தார். தகடு அதிர்ந்தது. ஒயர் எட்ட வேண்டுமென்று கம்ப்யூட்டரையும் மிஷினையும் ஒரே இரும்பு மேஜையில் வைத்திருந்தாள் அஞ்சலாட்சி. ஆலையில் நின்ற தறியை வைத்து யாரும் கோளாறு சொல்ல மாட்டார்கள். ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்பார்கள். அவர் மூன்று தடவையும் நின்ற தறியைத்தான் பார்த்திருக்கிறார்.

இன்னோர் எண்ணையும் பார்த்தார். டிஸ்க்கில் படிக்க முடியாமல் போன இடங்கள். இதுவரை பூஜ்யமாக இருந்தது இப்போது எட்டு.

“நான் நகல் எடுத்த பெறகு புதுசா என்ன வரைஞ்சீங்க?”

“இந்தக் கல்யாணக் கொடியதான் முக்கியமா.”

மிஷினுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை அணைத்து, தரையில் இறக்கிவைத்து மறுபடி போட்டார். புதிதாக வரைந்த மற்றவையெல்லாம் நகலாயின. கல்யாணக் கொடி பாதியில் நின்றது. இன்னொரு முறையும் அங்கேயே நின்றது.

“இதுக்கு மேல வேணாம். திரும்பத் திரும்பப் படிக்க வெச்சா டிஸ்க்கே போயிடும். மிஷின்ல முழுசா ஏறியிருக்குதா?”

“ஏறியிருக்குது. ஆனா பழைய மிஷின்ணே, அணைச்சா மறந்துடும்.”

“அப்ப அணைக்காதீங்க. அந்தக் கொடி இப்ப அதுல மட்டுந்தான் இருக்குது.”

அஞ்சலாட்சியின் முகம் வெளுத்தது. ஜெயம் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். “கரண்டு போனா?” என்று கேட்டாள்.

சாமிக்கண்ணு கிளம்பவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு முக்கால் மணி நேரம். மிஷினை அணைக்காமலே அஞ்சலாட்சி துணியை மாற்றினாள். அறுந்த நூலை ஜெயம் கோத்துக்கொடுத்தாள். நடுவில் விசிறி ஒரு தடவை மெதுவானது, மூவரும் நிமிர்ந்தார்கள், மறுபடி வேகம் பிடித்தது.

“மொத நாளே ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது,” என்றார் சாமிக்கண்ணு.

“மரியாதைன்னு நெனச்சி நாந்தான நிறுத்தினேன்.”

நாலு மணிக்கு மேல் ஏழாவது ஜாக்கெட் இறங்கியது. அஞ்சலாட்சி அதை வெளிச்சத்தில் விரித்து, பார்த்து வரைய வசதியாகக் கொடியை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்தாள். பிறகுதான் சுவிட்சில் கைவைத்தாள்.

“இப்ப அணைக்கலாமாண்ணே?”

“அணைங்க.”

புது டிஸ்க் போட்டு, கம்ப்யூட்டருக்குத் தனி ஸ்டாண்டு வைத்து, நீள ஒயரும் வாங்கிக்கொடுத்தார். பத்து நாளில் எண்ணைப் பார்க்க வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே ஜெயத்தின் குரல் கேட்டது.

“அண்ணன் வந்துட்டாரு, மிஷின போடு.”